எஃப்.ஐ.ஆரில் பிழை: எந்தக் கதவைத் தட்டுவது?

தம்பியின் எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது இடித்த வண்டியின் எண்ணைத்தான். மோட்டார் விபத்து வழக்குகள் நடத்தும் வக்கீலிடம் பதினெட்டு ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருப்பவனுக்குக் கண் தானாக அங்கேதான் போகும். 'பி.வி.' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பி.ஒய்.' என்று இருந்தது. முறிந்தது வலது கால். தாளில் இடது கால். மூன்றாவதாக, அவன் சொல்லவே சொல்லாத ஒரு வரி: "நான் வலது புறம் திரும்ப முயன்றபோது." பின்னால் வந்த சரக்கு வேன் இடித்துத் தள்ளியவனை, வேனுக்குக் குறுக்கே போய் விழுந்தவனாக மாற்றிவிட அந்த ஐந்து சொற்கள் போதும்.

இந்த மூன்று பிழைகளையும் மூன்று விதமாகத்தான் கையாண்டோம். ஒன்றை நிலையத்திலேயே முடித்தோம். இன்னொன்றுக்கு எஸ்.பி. அலுவலகம் வரை போனோம். மூன்றாவதைத் தெரிந்தே விட்டுவிட்டோம். எஃப்.ஐ.ஆரைத் திருத்த வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பிழை எந்த ரகம் என்று பார்க்காமல், "எங்கே மனுக் கொடுக்க வேண்டும்?" என்றுதான் தொடங்குகிறார்கள். பிழை எது என்று தெரிந்த பிறகுதான் கதவைப் பற்றிப் பேச முடியும்.

அதற்கும் முன்னால் ஒன்று. பதிவான எஃப்.ஐ.ஆரை யாரும் அழித்து எழுத முடியாது. ஆய்வாளர் முடியாது, எஸ்.பி. முடியாது, மாஜிஸ்திரேட்டும் அதில் பேனாவை வைக்க மாட்டார். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 154-ஆம் பிரிவு இப்போது 173. எண் மாறியதே தவிர, அடிப்படை மாறவில்லை: புகார்தாரர் வாய்மொழியாகச் சொன்னால் எழுத வேண்டும், எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிவானதும் அசல் நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறது. படிவத்தின் கடைசிக் கட்டம், 15-ஆவது, அதற்காகவே இருக்கிறது: நீதிமன்றத்துக்கு அனுப்பிய நாள், நேரம்.

இது தெரியாததால்தான் பலர் ஒரு வலையில் விழுகிறார்கள். தம்பிக்காக நான் போனபோது நிலைய எழுத்தர் நல்ல மனிதராகவே நடந்துகொண்டார். "எழுத்துப் பிழைதானே, அந்த நகலைக் கொடுங்கள், அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் போட்டுத் தருகிறேன்" என்று பேனாவைத் திறந்துவிட்டார். கும்பிட்டு மறுத்துவிட்டேன். நீதிமன்றத்தில் இருக்கும் அசலில் 'பி.ஒய்.', என் கையில் இருக்கும் நகலில் 'பி.வி.' என்றால், இன்சூரன்ஸ் வக்கீலுக்கு அதைவிட நல்ல தீனி வேண்டியதில்லை. எழுத்துப் பிழையாக இருந்தது அன்றைக்கே மோசடிக் குற்றச்சாட்டாகிவிடும்.

ஆகவே, திருத்தம் என்று நாம் பேசுவதெல்லாம் எஃப்.ஐ.ஆருக்குப் பின்னால் வரும் இன்னொரு தாளைத்தான். கூடுதல் வாக்குமூலம், பிரிவு மாற்ற அறிக்கை, சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜர், குற்றப் பத்திரிகை என்று அதற்குப் பல வடிவம். எந்தக் கதவைத் தட்டினால் நீதிமன்றத்தின் வழக்குக் கட்டுக்குப் போய்ச் சேரும் ஒரு தாள் நம் கைக்கு வரும் என்பதை வைத்துத்தான் வழிகளை ஒப்பிட வேண்டும்.

முதலில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று, அச்சிட்ட எஃப்.ஐ.ஆர். படிவம். மற்றது, அதோடு இணைத்திருக்கும் உங்கள் புகார் அல்லது வாக்குமூலம். புகாரில் சரியாக இருந்து படிவத்தில் தப்பாக இருந்தால் அது தட்டச்சுப் பிழை, நிலையத்தின் தலையில். புகாரிலேயே தப்பு இருந்தால், அதன் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. முதல் வகையை ஒத்துக்கொள்ள நிலையத்துக்குத் தயக்கம் இருக்காது. இரண்டாவதில், "நீங்கள் சொன்னதைத்தான் எழுதினோம்" என்பார்கள், அதை மறுப்பதும் எளிதல்ல. தம்பியின் வாக்குமூலத்தில் வண்டி எண் சரியாகவே இருந்தது. காலும் அந்த ஐந்து சொற்களும் வாக்குமூலத்திலேயே இருந்தன, கீழே அவனுடைய இடது பெருவிரல் ரேகையோடு. வலது கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. இரவு பதினொன்றரை மணி. வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். வாசித்துக் காட்டினார்களா என்று கேட்டால், "ஏதோ வாசித்தார்கள்" என்கிறான்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. எல்லா வழிகளிலும் மலிவானது, கையெழுத்துக்கு முன் வாசிப்பது. படுக்கையில் கிடப்பவரால் முடியாதென்றால் பக்கத்தில் இருப்பவர் வாங்கி வாசிக்கலாம். தேதி, நேரம், வண்டி எண், திசை, யார் எந்தப் பக்கம் போனார் என்ற ஐந்தை மட்டும் பார்த்தால் போதும். இரண்டு நிமிட வேலை. இணையவழியில் புகார் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்திட வேண்டும். அந்த மூன்று நாளும் நமக்குக் கிடைத்த அவகாசம்.

கையெழுத்து விழுந்துவிட்டது என்றால் முதல் கதவு விசாரணை அதிகாரி. எழுத்துப் பிழை, விடுபட்ட விவரம், பெயரின் முதலெழுத்து, முகவரி, காயத்தின் தன்மை எல்லாவற்றுக்கும் இங்கேதான் போக வேண்டும். இதைத் தாண்டி மேலே போவது நேர விரயம். மேலே போனாலும் மனு சுற்றிவிட்டு இதே மேஜைக்குத்தான் வரும்.

மனுவின் வாசகத்தில் கவனம் வேண்டும். "எஃப்.ஐ.ஆரைத் திருத்தித் தரவும்" என்று எழுதினால், "அதற்கு எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், சட்டப்படி அது சரியான பதிலும்கூட. குற்ற எண், நாள், எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் எது என்று சொல்லிவிட்டு, "எனது கூடுதல் வாக்குமூலத்தைப் பதிவு செய்து, மேற்படி விவரத்தை நீதிமன்றத்துக்கு அறிக்கையாக அனுப்ப வேண்டுகிறேன்" என்று கேளுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், அல்லது மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். வெறும் வாய்ப்பேச்சாக, "சார், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால், ஆறு மாதம் கழித்து அந்த அதிகாரி மாறுதலில் போயிருப்பார். அவரோடு அந்தப் பேச்சும் போயிருக்கும்.

வண்டி எண் இப்படித்தான் முடிந்தது. வேனின் பதிவுச் சான்று நகலையும், மோட்டார் வாகன ஆய்வாளரின் பரிசோதனை அறிக்கையையும் இணைத்துக் கொடுத்தோம். ஒன்பது நாளில் அறிக்கை நீதிமன்றத்துக்குப் போனது. போனதா என்பதை நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டு வாங்கிப் பார்த்தோம். வண்டி எண் விஷயத்தில் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு மாதம் கழித்து எண் மாறினால், "இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை, இருக்கிற வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்" என்று கம்பெனி சொல்லும். அப்படி நிறுத்துபவர்கள் உண்டு என்பதால் நீதிமன்றமும் அதைக் காது கொடுத்துக் கேட்கும்.

சட்டப் பிரிவு தவறாக இருப்பது இதைவிட எளிது. விபத்தன்று காயம் என்று, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125(ஏ) போட்டிருப்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு என்று தெரிந்ததும் அது கொடுங்காயம், 125(பி). காயம்பட்டவர் இறந்துவிட்டால் 106(1). டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுத்தால் பிரிவு மாற்ற அறிக்கை அனுப்புவார்கள். இதற்கு வக்கீலே தேவையில்லை.

இந்தக் கதவின் குறையையும் சொல்ல வேண்டும். விசாரணையின்போது காவலர் பதிவு செய்யும் வாக்குமூலத்தில், அதாவது பழைய 161, இப்போதைய 180-ஆம் பிரிவில், கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். என்ன எழுதினார்கள் என்பது குற்றப் பத்திரிகை நகல் வரும்போதுதான் தெரியும். சாட்சிக் கூண்டில் நீங்கள் சொல்வதற்கு அது வலு சேர்க்காது. நீங்கள் மாற்றிச் சொன்னால் உங்களை மடக்க மட்டும் பயன்படும். எழுத்துப் பிழைக்கு இது பொருட்டில்லை. சம்பவத்தையே புரட்டிப் போட்ட பிழைக்கு இது போதாது.

அந்த ஐந்து சொற்கள் அப்படிப்பட்ட பிழை. ஆய்வாளரிடம் மனுக் கொடுத்து மூன்று வாரம் ஆகியும் அசைவில்லை. இரண்டாவது கதவு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். மாநகரம் என்றால் ஆணையர் அலுவலகம். பல மாவட்டங்களில் புதன்கிழமை மனு நாள். காலை எட்டு மணிக்கே வரிசை நிற்கும். நிலத் தகராறு, கடன் தகராறு, காணாமல் போன மகள் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை. தம்பியின் மனைவி நான்கு மணி நேரம் நின்று ஒன்றரை நிமிடம் பேசினாள். கேட்டுவிட்டு, மனுவின் ஓரத்தில் டி.எஸ்.பி.க்கு ஒரு வரி எழுதினார்கள். அவ்வளவுதான்.

ஒரு வரிதானே என்று நானும் முதலில் அலுத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு வரிக்குக் கீழே இருப்பவர்கள் பதில் எழுதியாக வேண்டும். பத்து நாளில் டி.எஸ்.பி. அலுவலகத்திலிருந்து அழைப்பு. அதற்கடுத்த வாரம் விசாரணை அதிகாரி மறுபடியும் சம்பவ இடத்துக்குப் போனார். பார்வை மகஜரிலும் வரைபடத்திலும் டயர் தேய்ந்த தடம் தம்பியின் வண்டி விழுந்த இடத்துக்குப் பின்னால் நேர்கோட்டில் இருந்தது முன்பே பதிவாகியிருந்தது. அதை யாரும் வாக்குமூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எதிரில் இருந்த டீக்கடைக்காரரை அப்போதுதான் விசாரித்தார்கள். குற்றப் பத்திரிகையில், "பின்னால் அதிவேகமாக வந்து மோதி" என்று வந்தது. எஃப்.ஐ.ஆரில் அந்த ஐந்து சொற்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

மனு நாளுக்குப் போக முடியாதவர்கள் அஞ்சலில் ஒப்புகையுடன் அனுப்பலாம். நீதிமன்றம் போக வேண்டி வந்தால் அந்த ஒப்புகை அட்டைதான் நுழைவுச் சீட்டு. புகாரையே பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத வேண்டும் என்பது 173(4). அதைச் செய்யாமல் நேரே மாஜிஸ்திரேட்டிடம் போகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது கதவு மாஜிஸ்திரேட் நீதிமன்றம். இதைப் பற்றி மக்களிடம் இரண்டு தப்பான நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, மாஜிஸ்திரேட் எஃப்.ஐ.ஆரைத் திருத்த உத்தரவிடுவார் என்பது. அவர் விசாரணை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கலாம், ஒழுங்காக நடத்தச் சொல்லலாம். சாகிரி வாசு வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த அதிகாரம் முன்பு 156(3), இப்போது 175(3). மனுவோடு பிரமாணப் பத்திரம் வேண்டும். போலீஸ் தரப்பு விளக்கத்தையும் கேட்டுத்தான் முடிவெடுப்பார். இரண்டாவது நம்பிக்கை, நேராகப் போய் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்துவிடலாம் என்பது. பழைய 164, இப்போதைய 183-இன் கீழ் கொடுக்கும் வாக்குமூலத்துக்கு மதிப்பு அதிகம்தான். ஆனால் விசாரணை அதிகாரி முன்வைக்காத சாட்சி தானாக வந்து, "என் வாக்குமூலத்தைப் பதிவு செய்யுங்கள்" என்று கேட்க முடியாது என்று ஜோகேந்திர நாஹக் வழக்கில் 1999-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஆகவே, "183-இன் கீழ் வாக்குமூலம் பதிய ஏற்பாடு செய்யுங்கள்" என்ற கோரிக்கையையும் விசாரணை அதிகாரிக்குக் கொடுக்கும் மனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.

எப்போது இந்தக் கதவு? எதிரியின் பெயரையே விட்டுவிட்டு எழுதியிருந்தால், அடித்தவரும் எழுதியவரும் வேண்டியவர்கள் என்றால், எஸ்.பி.க்கு எழுதியும் ஒரு மாதம் மௌனம் என்றால். வண்டி எண்ணுக்காக இங்கே வந்தால் நீதிபதியே, "நிலையத்தில் கேட்டீர்களா?" என்பார். விசாரணையை, "மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்", அதாவது புகாரில் சொன்னபடி நடக்கவில்லை, என்று முடித்துவிட்டால் கதை வேறு. அந்த அறிக்கையை ஏற்கும் முன் புகார்தாரருக்கு அறிவிப்பு தந்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது 1985-இல் பகவந்த் சிங் வழக்கில் வந்த தீர்ப்பு. அந்த அறிவிப்பு வந்ததும் ஆட்சேபணை மனு. அப்போது உங்கள் பழைய மனுக்களின் முத்திரையிட்ட பிரதிகள்தான் பேசும்.

உயர் நீதிமன்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தென் மாவட்டத்தவருக்கு மதுரைக் கிளை. மனுப் போடுவது 528-ஆம் பிரிவின் கீழ். புகார்தாரர் போனால் பெரும்பாலும், "மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுக்கவும்" என்று உத்தரவு கிடைக்கும். மனு மறுபடியும் அதே நிலையத்துக்கு வரும். வக்கீல் கட்டணம் கொடுத்து வாங்கும் நினைவூட்டல் கடிதம் என்றே நான் சொல்வேன். எங்கள் வக்கீலிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

பொய்யாகப் பெயர் சேர்க்கப்பட்டவருக்குத்தான் அது சரியான கதவு. அவரால் எஃப்.ஐ.ஆரில் திருத்தம் கேட்க முடியாது. முழுவதையும் ரத்து செய்யக் கேட்கலாம், அல்லது விசாரணையில் தன் பக்க ஆவணங்களைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். அதே சம்பவத்துக்குப் புகார்தாரரே இரண்டாவது எஃப்.ஐ.ஆர். போட முடியாது, 2001-இல் டி.டி. ஆன்டனி வழக்கு அந்த வாசலை அடைத்துவிட்டது. ஆனால் எதிர்த்தரப்பு தன் கதையைச் சொல்லித் தனிப் புகார் கொடுப்பதற்குத் தடையில்லை.

விட்டுவிடுவது என்பதும் ஒரு வழிதான். அதை யாரும் வழியாகவே எண்ணுவதில்லை. எஃப்.ஐ.ஆர். ஒரு தொடக்கத் தாள். அதில் எல்லாம் இருக்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் எதிர்பார்ப்பதில்லை. அதுவே சாட்சியமும் ஆகாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். 2009-இல் பிமலா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. வேறொரு வலுவான ஆவணம் அந்தப் பிழையைத் தானாக அடித்துவிடும் என்றால், மனுக் கொடுத்து அதைப் பெரிதாக்குவதைவிடச் சும்மா இருப்பது நல்லது. ஒவ்வொரு கூடுதல் வாக்குமூலமும் குறுக்கு விசாரணையில் ஒரு கூடுதல் கேள்வி. முறிந்த கால் எது என்பதற்கு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் இருந்தது, காயச் சான்று இருந்தது, எக்ஸ்ரே இருந்தது, உள்ளே வைத்த கம்பியும் இருந்தது. கால் விஷயத்தில் நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

விபத்து வழக்கில் காலக்கணக்கு ஒன்று இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி விசாரணை அதிகாரி தீர்ப்பாயத்துக்கு 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை அனுப்ப வேண்டும். நடைமுறையில் இந்த நாள்கள் நழுவுவதுண்டு என்றாலும், விரிவான அறிக்கை போவதற்குள் உங்கள் திருத்த மனு உள்ளே இருக்க வேண்டும். அதே தேதி முதல் இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடுவும் சட்டத்தில் இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் நடக்கின்றன என்பதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். எஃப்.ஐ.ஆர். சரியாகட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பியைக் குறுக்கு விசாரணை செய்த நாளில் நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். இன்சூரன்ஸ் வக்கீல் எஃப்.ஐ.ஆரைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வண்டி எண்ணைக் கேட்டார்; நீதிமன்றத்துக்குப் போன அறிக்கை கட்டிலேயே இருந்தது. திரும்ப முயன்றீர்களா என்றார். இல்லை என்றான், டீக்கடைக்காரர் சாட்சிப் பட்டியலில் இருந்தார். பிறகு குரலை உயர்த்தி, "இடது கால் முறிந்ததாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், ரேகை வைத்திருக்கிறீர்கள், இப்போது வலது கால் என்கிறீர்கள். எந்தக் கால்?" என்று கேட்டார். தம்பி பதில் சொல்லவில்லை. கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கினான். கணுக்காலிலிருந்து மேலே ஓடிய தையல் தழும்பை நீதிபதி எட்டிப் பார்த்துவிட்டு, "போதும், இறக்குங்கள்" என்றார். வக்கீல் அடுத்த கேள்விக்குப் போனார்.